படித்தவர் ஊர் திரும்புதல்: ஒரு வரலாற்று நோக்கு

நம் கல்விச் சங்கம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவெய்தும் இவ்வேளையில், வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தனர். பட்டம் பெற்ற நம் இளைஞர்கள் பிறந்த ஊருக்குத் திரும்பிப் பணியாற்ற வேண்டும் என்பதை வலியுறுத்தி எழுதுக என்பது அவர்கள் இட்ட அன்புக் கட்டளை. வலியுறுத்துவது எளிது. ஆண்டுவிழா மேடைதோறும் அதைத்தான் செய்கிறோம்; கைதட்டலும் கிடைக்கிறது. கூட்டம் கலைந்ததும் பேசியவரும் கேட்டவரும் நகரியத்தில் தத்தம் வட்டத்து வீடுகளுக்குத் திரும்பிவிடுகிறோம். ஊருக்குத் திரும்பியவர் எவரும் இலர். ஆதலின், வரலாறு பயிற்றும் ஆசிரியர் என்னும் முறையில், நம்மவருள் அவ்வாறு சென்று பணியாற்றியவர் யாவர், எத்தகைய சூழலில் சென்றனர், அவர்களைத் தாங்கி நிறுத்தியது எது, தாங்குவாரின்றிப் போனவர்க்கு நேர்ந்தது என்ன என்பவற்றை முதலில் ஆராய்ந்து, பின்னர் வலியுறுத்துவதே முறை எனக் கருதுகிறோம்.

‘பிறந்த ஊர்’ என்னும் சொல்லிலேயே நமக்கு ஓர் இடர்ப்பாடு உள்ளது. பிறர்க்கு ஊர் என்பது ஒன்று. நமக்கோ ஊர் வேறு, சேரி வேறு. கடித உறையில் ஊர்ப்பெயரை எழுதி, அதன் கீழ் ‘காலனி’ என்று சேர்த்தாலன்றி நம் வீட்டுக்கு அஞ்சல் வந்து சேர்வதில்லை. பொதுத் தெருவிலும் சாலையிலும் நடப்பதற்கும், பொதுக் கிணற்றில் நீர் எடுப்பதற்கும் நமக்கு உரிமை உண்டு என்பதை நிலைநாட்டவே 1924-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்ற மேலவையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் வந்த பின்னும் தெரு திறக்கப் பல ஊர்களில் பல்லாண்டுகள் சென்றன. இத்தகைய ஊரிலிருந்து கல்வி என்னும் ஒரே வாயில் வழியாக வெளியேறிய ஒருவனைப் பார்த்து ‘திரும்பிப் போ’ என்று கூறுமுன், எங்கே திரும்பச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசியலமைப்பு வரைவை முன்வைத்துப் பேசுகையில், இந்தியக் கிராமத்தைப் போற்றிப் பாடியோர்க்கு அவர் அளித்த விடை கடுமையானது. கிராமம் என்பது குறுகிய பற்றும் அறியாமையும் வகுப்புக் காழ்ப்பும் குடிகொண்ட இடம் என்பது அவர் கருத்து. அதே அண்ணல், 1956 மார்ச் 18 அன்று ஆக்ரா நகரில் திரண்ட பெருங்கூட்டத்தில், கற்றவர்கள் தம் மக்களுக்குத் தொண்டாற்றுவார்கள் என்று தாம் நம்பியிருந்ததாகவும், அவர்களோ எழுத்தர் வேலை பெற்றுத் தம் வயிற்றை நிரப்புவதிலேயே அமைந்துவிட்டதாகவும் கூறி மனம் நொந்தார். இவ்விரண்டையும் முரண் என்று கொள்வாரும் உளர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. பழைய ஊரின் அமைப்புக்குள் மீண்டும் சென்று ஒடுங்குக என்று அண்ணல் எங்கும் கூறினாரில்லை. ஊரின் புறத்தே விடப்பட்ட மக்களிடம், அவர்கள் கைக்கு எட்டாத கல்வியுடனும் சட்ட அறிவுடனும் செல்க என்பதே அவர் எதிர்பார்ப்பு. திரும்புதல் என்று இக்கட்டுரையில் நாம் கூறுவதும் இதனையே.

திரும்பிச் சென்று துன்புற்ற வரலாறும் அண்ணலுடையதுதான். பரோடா மன்னர் சாயாஜிராவ் வழங்கிய உதவித்தொகையைக் கொண்டு 1913-இல் அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். கல்வி முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். அதன்படியே 1917-இல் பரோடா சென்றார். உயர்ந்த பதவி காத்திருந்தது. குடியிருக்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் பூண்டு தங்கினார். சில நாள்களில் உண்மை வெளிப்பட, தடியேந்தி வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். அலுவலகத்தில் கடைநிலை ஊழியரும் கோப்புகளை அவர் மேசைமீது எட்ட நின்று வீசிச் சென்றனர். பூங்கா ஒன்றில் அமர்ந்து கண்ணீர் வடித்துவிட்டுப் பம்பாய்க்கு வண்டியேறினார். ஒப்பந்தம் இருந்தது, ஊதியம் இருந்தது, மன்னரின் ஆதரவும் இருந்தது. இராத் தங்க ஓர் இடம் இல்லாமையால் அத்தனையும் வீணாயின. ஊர் திரும்புவோர் தியாகம் புரிய வேண்டும் என்று முழங்குவோர் இந்நிகழ்ச்சியை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் நலம்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். நெய்வேலியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கும் சிதம்பரத்தில் நம்மவர்க்குக் கல்விக்கண் திறந்தவர் சுவாமி சகஜானந்தர். 1890-இல் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் எளிய குடும்பத்தில் பிறந்த முனுசாமி என்னும் சிறுவர், திண்டிவனத்தில் கிறித்தவத் தொண்டர் நடத்திய பள்ளியில் பயின்று, பின்னர்க் குடும்பத்துடன் கோலார் தங்கவயல் சென்று, அங்கிருந்து ஆன்மிக நாட்டம் கொண்டு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து, சகஜானந்தர் என்னும் பெயர் பெற்றார். சிதம்பரம் வந்து, 1916-ஆம் ஆண்டில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். திருக்கோயிலின் வாயிலுக்கு வெளியே நின்ற நந்தனாரின் பெயரையே, அதே தில்லையில், உள்ளே நுழைவதற்கான பள்ளிக்கு அவர் சூட்டினார் என்பதை நாம் மாணவர்க்குக் கூறும்போதெல்லாம் வகுப்பில் ஓர் அமைதி நிலவுவதைக் கண்டிருக்கிறோம்.

சகஜானந்தர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். சிதம்பரம் அவர் பிறந்த ஊருமன்று. ஆயினும் இக்கட்டுரையின் நடுநாயகமாக அவரையே வைக்கிறோம், காரணம் உண்டு. அவர் தனியே ஊர் ஊராய்ச் சென்று அறிவுரை கூறித் திரிந்தவரல்லர். ஓரிடத்தில் நிலைகொண்டார், பள்ளி அமைத்தார், பள்ளியுடன் விடுதியும் அமைத்தார். காட்டுமன்னார்கோயில், புவனகிரி வட்டாரத்துச் சேரிகளில் பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளை, உணவும் உறைவிடமும் இருந்தால்தான் படிப்பான் என்பதை அறிந்திருந்தார். சட்டமன்றத்தில் பல்லாண்டுகள் உறுப்பினராய் இருந்து அங்கும் நம் மக்களின் குறைகளை எடுத்துரைத்தார். 1959-இல் அவர் மறைந்தார். நந்தனார் பெயர் தாங்கிய ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் சிதம்பரத்தில் இன்றும் நடைபெறுகின்றன. தனி மனிதர் மறைந்தும் பணி மறையாதிருந்தது, அதனை நிறுவனமாக்கியமையால்தான்.

அதே காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் தோன்றியவர் பெரியவர் எல். இளையபெருமாள். 1952-இல் முதல் மக்களவைக்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1965-இல் தீண்டாமை பற்றியும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலை பற்றியும் ஆராய மைய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவரானார். நாடு முழுதும் சுற்றி 1969-இல் அக்குழு அளித்த அறிக்கை, தீண்டாமை ஏட்டளவில்தான் ஒழிந்துள்ளது என்பதைச் சான்றுகளுடன் நிறுவியது. தில்லி வரை சென்றவர் தம் வட்டாரத்து மக்களை விட்டு நீங்கினாரில்லை.

திரும்பிச் சென்றமைக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவரையும் கூறாது விடலாகாது. படையில் பணியாற்றிய இமானுவேல் சேகரன், அவ்வேலையை விட்டுத் தம் இராமநாதபுரம் மண்ணுக்குத் திரும்பி நம் மக்களைத் திரட்டினார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்டபோது அவருக்கு அகவை முப்பத்துமூன்று கூட நிறைந்திருக்கவில்லை.

நெய்வேலியின் கதை இவற்றினின்றும் வேறுபட்டது. ஏனெனில் இங்கே ஊரைவிட்டு மனிதர் போனது மட்டுமன்று. மனிதரைவிட்டு ஊரே போயிற்று. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கரிய பொருள் வெளிப்பட்டது என்பது இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிந்த செய்தி. 1956 நவம்பர் 14 அன்று, அதாவது அண்ணல் மறைவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் சோவியத் நாட்டின் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாய் இறைத்தாலன்றிச் சுரங்கம் நில்லாது. மேல்மண்ணைச் சுரண்டும் பக்கெட் வீல் இயந்திரத்தைக் காணப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, அவ்வியந்திரம் நிற்கும் இடத்தில் முன்னர் என்ன இருந்தது என்று கேட்கும் பிள்ளை ஒருவனேனும் இருப்பான். வயல் இருந்தது, ஏரி இருந்தது, கோயில் இருந்தது, ஓரத்தில் நம் சேரியும் இருந்தது என்பதே விடை.

நன்றி மறத்தல் நன்றன்று. பொதுத்துறையின் இடஒதுக்கீடு வாயிலாக, தலைமுறை தலைமுறையாய்ப் பண்ணையாளாய் இருந்த குடும்பங்களில் மாதச் சம்பளம் என்பது முதன்முறையாக நுழைந்தது இந்நகரியத்தில்தான். ஊர்த்தெரு, சேரித்தெரு என்னும் பாகுபாடின்றி, வட்டத்தின் எண்ணையும் வீட்டின் எண்ணையும் மட்டுமே முகவரியாகக் கொண்டு நம்மவர் வாழ்ந்ததும் இங்கேதான். இப்பேறு சிறிதன்று. நம் சங்கத்தைத் தொடங்கியோரும் அச்சம்பளத்திலிருந்து நன்கொடை ஈந்தவர்களே.

ஆயின் நிலம் எடுக்கப்பட்டபோது, பட்டா வைத்திருந்தவர் பெற்ற இழப்பீட்டைப் பட்டா இல்லாதவர் பெற்றாரில்லை. பிறர் வயலில் நடவும் அறுப்பும் செய்து பிழைத்த குடும்பம் இழந்தது வயலையன்று, வேலையை. அதற்குப் பதிவேட்டில் சர்வே எண் இல்லை. நிரந்தரத் தொழிலாளியாய்ச் சேர்ந்தவன் நகரியத்துக்குள் வந்தான். சேராதவன் ஒப்பந்தத் தொழிலாளியாய் வேலிக்கு வெளியே நின்றான். உள்ளே வந்தவரின் பிள்ளைகள் பட்டம் பெற்றுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாட்டுக்கும் சென்றுவிட்டனர். வெளியே நின்றவரின் பிள்ளைகளோ இன்றும் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகவே நம்மிடம் வந்து சேர்கின்றனர். ஒரே சேரியிலிருந்து கிளம்பிய இருவகைக் குடும்பத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகளில் ஏற்பட்டுவிட்ட தொலைவு, ஊருக்கும் சேரிக்கும் இடையே இருந்த தொலைவைவிடக் குறைந்ததன்று. ஊர் திரும்புக என்னும் அழைப்பு யாரை நோக்கியது என்றால், முதலில் இவ்வுள்ளே வந்த குடும்பங்களை நோக்கியதே.

சுரங்க நகரம் நிலையானதன்று என்பதைக் கோலார் நமக்குக் காட்டுகிறது. இளமையில் சகஜானந்தர் இருந்த அதே தங்கவயல்தான். 1880-களிலிருந்து வடஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து நம்மவர் திரள் திரளாய்ச் சென்று அச்சுரங்கத்தின் ஆழத்தில் உழைத்தனர். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற பெருமை அவ்வயலுக்கு உண்டு. அங்கே நம்மவரின் சங்கங்களும் படிப்பகங்களும் பௌத்த இயக்கமும் தழைத்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அங்குள்ள இளைஞர்கள் விடியற்காலை தொடர்வண்டி ஏறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புவோர் ஆயினர். மூதாதையர் புறப்பட்டு வந்த வடஆர்க்காட்டு ஊர்களில் அவர்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை, பெயர் சொல்லி அழைப்பாரும் இல்லை. நெய்வேலியிலும் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் பணியை முற்றும் நிறுத்திக்கொண்டது. புதிய நிலையங்கள் உள்ளன. அஞ்ச வேண்டியதில்லை என்பர். அஞ்சச் சொல்லவில்லை. நகரியத்து வீடு பணிக்காலம் வரைதான் என்பதை ஓய்வுபெற்ற ஒவ்வொருவரும் சாவியை ஒப்படைக்கும் நாளில் அறிகின்றனர் என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

ஊரில் சென்று பட்டதாரி செய்வதற்கு என்ன இருக்கிறது என்று இளைஞர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. நியாயமான வினாவே. ‘சேவை’ என்று பொதுவாகச் சொன்னால் அவர்கள் நகைக்கிறார்கள். ஆகவே சிலவற்றைப் பெயர் சொல்லியே கூறுவோம்.

முதலாவது நிலம். செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் பயனாய், 1892-இல் நம் மக்களுக்குத் தனியே நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் கூறுவது அதுவே. பிற வகுப்பார்க்கு அதனை விற்றல் கூடாது என்னும் கட்டுப்பாடு இருந்தும், பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. பத்திரத்தைப் படிக்கத் தெரியாதவனிடம் கைரேகை பெறுவது எளிதாயிருந்ததே காரணம். ‘அ’ பதிவேட்டையும் அடங்கலையும் படிக்கவும், பழைய நிலவரித் திட்டக் கணக்குடன் இன்றைய பட்டாவை ஒப்பிடவும், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு வரையவும் வல்ல ஒருவன் சேரிக்கு ஒருவனாய் இருந்தால் நிலைமை வேறு. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், அப்பகுதியில் மூன்றாண்டுகள் வாழ்ந்து பிழைத்த நிலமற்ற வேளாண் தொழிலாளர் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே வரையறுக்கிறது. 1957-இல் நம் பாட்டனுக்கு இல்லாத சொல் இது. எந்தச் சட்டத்தின்படி நிலம் எடுக்கிறார்கள், அதில் நமக்கு என்ன உண்டு என்பதை அறிவிக்கை வந்த நாளிலேயே வினவ ஊரில் ஆள் வேண்டும். இழப்பீடு வழங்கி முடிந்தபின் சென்னையிலிருந்து வரும் வழக்கறிஞரால் பயன் குறைவு.

அடுத்தது ஊராட்சி. தனித் தொகுதியாய் ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் நம்மவர் தலைவராகின்றனர். ஆயின் 2020-இல் நம் கடலூர் மாவட்டத்துத் தெற்குத் திட்டையில் தலைவரான பெண்மணி கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படத்தை நாடே கண்டது. நாற்காலி மறுக்கப்படுவது கண்ணுக்குத் தெரிகிறது. தீர்மானப் புத்தகமும் கணக்கும் மறுக்கப்படுவது வெளியே தெரிவதில்லை. விதிகளைப் படித்துச் சொல்ல அருகில் ஒரு பட்டதாரி இருப்பின் அத்தலைவர்க்கு அதுவே பாதி வலிமை. உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று முதலியவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. கடைசி நாளைத் தவறவிட்டுக் கண்கலங்கி நிற்கும் மாணவரை ஆண்டுதோறும் காண்பவர் நாம்.

இப்பணிகளுக்கு உயிர்ச்சான்றாய் விளங்குபவர் ஒருவர் உள்ளார். 1926-இல் மதுரை வட்டாரத்தில் நம் சமூகத்தில் பிறந்து, அந்நாளிலேயே பட்டம் பெற்ற கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையார், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நாற்பத்துநான்கு உயிர்கள் எரிக்கப்பட்டபின் தம் கணவருடன் கீழத் தஞ்சைக்குச் சென்று அங்கேயே தங்கினார். 1981-இல் ‘லாப்டி’ என்னும் அமைப்பை நிறுவி, நிலவுடைமையாளரிடமிருந்து நிலத்தை விலைக்குப் பெற்று, உழுதவர் குடும்பத்துப் பெண்களின் பெயரில் பதியச் செய்தார். பேச்சுவார்த்தை, வங்கிக் கடன், பத்திரப் பதிவு என்பனவே அவர் கையாண்ட கருவிகள். பட்டப்படிப்பு எதற்கு உதவும் என்பதற்கு வேறு விடை வேண்டுவதில்லை.

அரசுகூட இதில் ஒரு பாடம் கற்றுள்ளது. சிற்றூர்களில் மருத்துவர் தங்குவதில்லை என்று வெறுமனே குறைகூறிக்கொண்டிராமல், அரசுப் பணியில் கடினமான பகுதிகளிலும் ஊரகங்களிலும் பணியாற்றிய மருத்துவர்க்குப் பட்டமேற்படிப்பில் ஊக்க மதிப்பெண்ணும் தனி ஒதுக்கீடும் தமிழ்நாடு வழங்கியது. மாநிலத்துக்கு அவ்வாறு ஒதுக்க அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஊருக்குச் செல்பவன் வாழ்வில் பின்தங்கிவிட மாட்டான் என்னும் உறுதியைக் கொடுத்தால் செல்வதற்கு ஆள் உண்டு. அவ்வுறுதியைக் கொடாமல் அழைப்பது, பிறர் பிள்ளையைத் தியாகியாக்க விரும்புவதாகும்.

இறுதியாக, நம் கூட்டங்களில் எவரும் எழுப்பாத ஒன்றைக் கூறுகிறோம். ஊர் திரும்ப வேண்டியவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஊரிலேயே இருக்கும் பட்டதாரிகளை மறந்துவிட்டோம். இளங்கலையும் முதுகலையும் கல்வியியலும் முடித்து, திருமணமாகி, சேரியிலேயே வாழும் பெண்கள் இன்று ஊர்தோறும் உள்ளனர். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியபோது மாலை நேர வகுப்புக்கு முன்வந்த தன்னார்வலருள் இப்பெண்கள் பெருந்தொகையினர். மாதம் ஆயிரம் ரூபாய்தான் ஊக்கத்தொகை. அதையும் பொருட்படுத்தாது வீட்டுத் திண்ணையிலும் கோயில் மேடையிலும் பாடம் நடத்தினர். பின்னர் அத்திட்டம் சுருங்கிற்று; அப்பெண்கள் ஊரை விட்டுப் போகவில்லை.

நம் சங்கத்துக்கு நாம் முன்வைக்கும் கருத்து இதுதான். வெள்ளி விழா நிதியில் மண்டபத்துக்கு என ஒதுக்கியுள்ள பகுதியைச் சிறிது குறைத்து, சுற்றுவட்டாரத்தில் மூன்று சேரிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் அங்கேயே வாழும் பட்டதாரிப் பெண் ஒருவரையும், திரும்ப விரும்பும் இளைஞர் ஒருவரையும் மூன்றாண்டுகளுக்கு மாதச் சம்பளத்தில் அமர்த்துதல் வேண்டும். தனியே ஒருவரை அனுப்புதல் கூடாது. காலையில் பதிவேடும் மனுவும், மாலையில் வகுப்பும் அவர்தம் பணி. வெளியூரினின்று வரும் இளைஞர்க்கு வாடகை வீட்டைச் சங்கமே தன் பெயரில் ஒப்பந்தம் செய்து, முன்பணம் கட்டி, அவர் பெட்டியுடன் வந்திறங்கும் முன்னரே சாவியைப் பெற்று வைத்திருத்தல் வேண்டும்.